அறிவுக்கும் தட்டுக்கும் நடுவே ஓர் அடுப்பு

கீரை உடம்புக்கு நல்லது என்பதையும், இரவு தவறாமல் பரோட்டா தின்பது நல்லதன்று என்பதையும் அறியாத கல்லூரி மாணவர் திருச்சியில் எவரும் இருக்கமாட்டார். பள்ளி அறிவியல் பாடநூல்களில் சமச்சீர் உணவைப் படித்து, புரதம், மாவுச்சத்து, வைட்டமின் என்று வகைபிரித்துத் தேர்வும் எழுதியவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் தென்னூர், தில்லைநகர், புத்தூர்ப் பகுதிகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் பலருடைய இரவு உணவு பரோட்டாவாகவோ ஃப்ரைடு ரைஸாகவோ, மாதக் கடைசியில் டீயும் பிஸ்கட்டுமாகவோ முடிந்துபோவது ஏன்?

கையில் காசில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. நேரமில்லை என்பதும் நாக்கு ருசி கேட்கிறது என்பதும் அடுத்து வருபவை. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டென்றாலும், மூன்றையும் சேர்த்தாலும் புதிர் முழுதாக அவிழ்வதில்லை. தென்னூரிலேயே உழவர் சந்தை இருக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும் அந்தச் சந்தையில் ஒரு கட்டுக் கீரையின் விலை இரண்டு பரோட்டாவின் விலையைத் தாண்டுவது அரிது. விடிகாலையில் கூடும் அச்சந்தைக்கும் மாணவர் தங்கியிருக்கும் அறைக்கும் இடையே சில தெருக்கள்தாம் தூரம். ஆனால் வாங்கிவந்த கீரை தட்டுக்கு வந்துசேர, ஆய்வது, அலசுவது, வேகவைப்பது, தாளிப்பது என்று வேறொரு தூரத்தையும் கடக்க வேண்டியிருக்கிறது. அதைக் கடக்கத் தெரியாதவருக்குச் சந்தை பக்கத்தில் இருப்பதால் பயன் ஏதும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை உணவியல் ஆய்வாளர்கள் இப்போது அளந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மிகுதியும் குறைவும்

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது; அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகைஎடை அல்லது உடற்பருமன் உடையவர்களாக இருந்தார்கள். உணவு போதாததால் வருவது ஒன்று, உணவு மிகுந்ததால் வருவது மற்றொன்று என்று கொண்டால் இவ்விரண்டு எண்களும் ஒரே மாநிலத்தில் அடுத்தடுத்து நிற்பது விந்தையாகத் தோன்றும். உணவில் இரண்டு வேறுபட்ட பண்டங்கள் இருக்கின்றன என்பதை நினைவில் கொண்டால் விந்தை நீங்கிவிடும்: உடம்பு எரித்துப் பயன்படுத்தும் எரிசக்தி ஒன்று, இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் போல மிகச் சிறிய அளவில் தேவைப்படுகிற, ஆனால் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகிற நுண்சத்துகள் மற்றொன்று. தீட்டிய அரிசி, மைதா, எண்ணெய், சர்க்கரை ஆகிய நான்கும் முதலாவதை அள்ளித் தந்து இரண்டாவதைக் கஞ்சத்தனமாகத் தருகின்றன. எனவே வயிறு நிறையச் சாப்பிட்டு, எடையும் கூடி, இரத்தசோகையோடும் ஒருவர் இருக்க முடிகிறது.

கல்லூரியின் முதல் ஆண்டு இதற்கு வசதியான காலம். முதலாண்டு மாணவர்களின் எடையைப் பற்றி வெளிநாடுகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓராண்டுக்குள் சராசரியாக ஏறத்தாழ 1.4 கிலோ கூடியிருந்தது. முதலாண்டில் ஏழு கிலோ கூடிவிடும் என்று அமெரிக்க மாணவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு மிகைக் கூற்றுதான். ஆனாலும், வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்ட வயதில் ஓராண்டுக்குள் ஒன்றரைக் கிலோ என்பது, அப்படியே தொடருமானால், அற்பமன்று.

பத்தாம் வகுப்போடு முடியும் சோறு

தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் உணவு வரலாற்றில் திருச்சிக்கு ஒரு தனி இடம் உண்டு. காமராசர் ஆட்சியில் 1956-இல் விரிவாகத் தொடங்கிய பள்ளி மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக மறுவடிவம் பெற்றபோது, அதன் தொடக்க விழா 1982 ஜூலை 1 அன்று திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில்தான் நடந்தது. பிறகு முட்டை சேர்ந்தது. கலவைச் சாதங்கள் வந்தன. 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்குப் பருப்பும் காய்கறியும் முட்டையும் சேர்ந்த ஒருவேளை உணவை ஏறத்தாழப் பத்தாண்டுகள் வேறொருவர் திட்டமிட்டு, அளந்து, சமைத்துத் தட்டில் போட்டுவிடுகிறார்.

அந்தச் சோறு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் வீட்டுச் சாப்பாடு தாங்கிக்கொள்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் பிள்ளை அடுப்பங்கரைப் பக்கம் வந்தாலே, போய்ப் படி என்று விரட்டுவதே தமிழ்நாட்டு வீடுகளின் பொது வழக்கம். பதினேழு வயதில் அரியலூரிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ திருச்சிக்கு வந்து அறை எடுக்கும்போது, தன் உணவைத் தானே தீர்மானிக்கும் பொறுப்பு ஒரே நாளில் முழுவதுமாகத் தோளில் வந்து விழுகிறது. வண்டி ஓட்ட உரிமம் கேட்கும் சமூகம், நாள்தோறும் மூன்று முறை செய்ய வேண்டிய இந்தக் காரியத்துக்குப் பயிற்சி எதையும் தருவதில்லை.

குன்னூர் எலிகள் தின்ற சோறு

சோற்றை மட்டும் நம்பியிருக்கும் உணவு என்ன செய்யும் என்ற வினா தமிழ் மண்ணில் நூறாண்டுக்கு முன்பே ஆராயப்பட்டது. நீலகிரியில் உள்ள குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918-இல் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. 1920-களில் அவர் வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்றாகக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை அடங்கிய வடமேற்குப் பகுதி உணவை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாகவும் மற்றவை தொட்டுக்கொள்ளும் அளவிலும் இருந்த சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் மிகவும் பின்தங்கின.

இந்த முடிவை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். எலியின் வளர்ச்சி மனிதரின் நலத்துக்கு நேர் அளவுகோல் அன்று. மக்களை இனங்களாகப் பிரித்து இன்ன இனம் வீரமானது என்று தரம் பார்த்த அக்கால ஆட்சியாளர்களின் கண்ணோட்டமும் இந்த ஆய்வின் மேல் படிந்திருக்கிறது. மேலும், சென்னை மாகாண உணவு என்று ஒரே ஒரு தட்டை வரையறுப்பது, தஞ்சை மிராசுதாரின் இலையையும் கூலித் தொழிலாளியின் கலயத்தையும் ஒன்றாக்கிவிடுவதாகும். இவற்றையெல்லாம் கழித்த பின்னும் எஞ்சி நிற்கும் செய்தி ஒன்று உண்டு: குறை அரிசியில் இல்லை, அரிசியைச் சுற்றி இருக்க வேண்டியவை சுருங்கிப்போனதில் இருக்கிறது. மெக்காரிசனுக்குப் பின் அக்கூடத்துக்குத் தலைமை தாங்கிய அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும், அரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் தயாமின் என்ற பி1 வைட்டமின் பெருமளவு போய்விடுவதையும், புழுங்கல் அரிசியில் இந்த இழப்பு குறைவாக இருப்பதையும் காட்டினார்கள். நெல்லை அவிக்கும்போது உமிக்கடியில் உள்ள வைட்டமின் அரிசியின் உட்புறத்துக்கு நகர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். உணவின் சத்து, வாங்கும் பொருளில் பாதியும் சமைக்கும் கையில் பாதியுமாக இருக்கிறது என்பதற்குக் குன்னூர் தந்த தொடக்கச் சான்று அது.

திறன் என்று எதை அளப்பது?

சமைக்கத் தெரியும் என்று ஒருவர் சொல்லும்போது அதன் பொருள் வீட்டுக்கு வீடு மாறுகிறது. பிரியாணி செய்யத் தெரிந்த ஒருவருக்கு நாள்தோறும் ஒரு ரசமும் பொரியலும் வைக்கத் தெரியாமல் இருக்கலாம். விடுமுறை நாளில் நண்பர்களுக்காக அரை நாள் செலவிட்டுச் சமைப்பதற்கும் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் பசியோடு வந்து சமைப்பதற்கும் தொடர்பு குறைவு. ஆகவே ஆய்வாளர்கள் உணவுத்திறன் என்ற அகன்ற கருத்தைக் கையாளுகிறார்கள். வாரத்துக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டி எண்ணுதல், கெடாமல் வாங்கி வைத்தல், இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுதல், சமைத்தல், மிஞ்சியதைப் பாதுகாத்தல் ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். இவற்றுள் அடுப்பின் முன் நடப்பது சிறுபகுதிதான்.

இத்திறன் உண்மையில் உணவை மாற்றுகிறதா? அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இதற்கு அழுத்தமான சான்று தருகிறது. இப்படி ஒரே ஆட்களை மீண்டும் மீண்டும் அளக்கும் முறையைத் தொடராய்வு எனலாம். தம் சமையல் திறன் தமக்குப் போதுமானது என்று 18 முதல் 23 வயதுக்குள் கூறியவர்கள், பத்தாண்டுகளுக்குப் பின் காய்கறி சேர்ந்த உணவை அடிக்கடி சமைப்பவர்களாகவும், துரித உணவைக் குறைவாக உண்பவர்களாகவும் இருந்தனர். பிள்ளை பெற்றுக் குடும்பமான பின் அவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள்தாம் சமையலையும் கற்றிருப்பார்கள். அப்படியானால் நல்ல உணவுக்குக் காரணம் அக்கறையா, திறனா? திறன் முன்னும் பலன் பின்னும் வருவதைக் காட்டுவதால் தொடராய்வு இந்த ஐயத்தைப் பாதி தீர்க்கிறது; முழுதும் தீர்ப்பதில்லை. குறுகிய காலச் சமையல் வகுப்புகள் நடத்தி முன்னும் பின்னும் அளந்த சோதனைகளில் மாணவரின் தன்னம்பிக்கை எளிதில் உயர்கிறது, தட்டு மாறுவதோ அவ்வளவு எளிதாக நிகழ்வதில்லை. ஒரு கைவேலையை ஆறு வகுப்புகளில் புகட்டிவிடலாம் என்ற எதிர்பார்ப்பே தவறு என்றுதான் இதிலிருந்து கொள்ள வேண்டும். நெசவோ தச்சோ அப்படிக் கைவருவதில்லை. சோறு மட்டும் ஏன் வர வேண்டும்?

ஒரு குக்கர், ஒருவர் சாப்பாடு

திறனுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காண, மிக எளிய சாப்பாடு ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். ஓர் அறை, ஒரு மின்தூண்டல் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி. 100 கிராம் புழுங்கல் அரிசி, 40 கிராம் துவரம்பருப்பு, உழவர் சந்தையில் வாங்கிய கீரையில் ஆய்ந்தது 100 கிராம், ஒரு முட்டை, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், ஒரு கொய்யாப்பழம். பருப்பு ஒரு கிண்ணத்திலும் அரிசி அதன்மேல் இன்னொரு கிண்ணத்திலுமாகக் குக்கரில் ஏற, கீரை வாணலியில் வெந்து பருப்போடு சேர்ந்து கூட்டாகிறது. வீட்டில் எவரும் இதைச் சமையல் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் முதல் முறை செய்பவர் தடுமாறும் இடங்கள் இதில் ஏராளம். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.

முதல் தடுமாற்றம் விசிலில். நான்கு விசில் விடு என்று ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா சொன்னபடியே செய்தும் பருப்பு நறுக்கென்று நிற்பதுண்டு. குக்கருக்குள் ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்தக் கூடுதல் சூட்டில்தான் பருப்பு விரைந்து வேகிறது. அழுத்தம் மிகுந்துவிட்டது, கொஞ்சம் ஆவியை வெளியே விட்டேன் என்பதற்கு மேல் விசிலுக்குப் பொருள் இல்லை. தீ பெரிதாக இருந்தால் விசில்கள் அடுத்தடுத்து விரைந்து வரும், சிறிதாக இருந்தால் எப்போதோ ஒன்று வரும், ஆறு லிட்டர்க் குக்கருக்கும் மூன்று லிட்டர்க் குக்கருக்கும் கணக்கு வேறு. அம்மாவின் நான்கு விசில் அவருடைய கேஸ் அடுப்புக்கும் அவருடைய குக்கருக்கும் உரிய அளவு. சூட்டைச் சட்டென்று ஏற்றும் மின்தூண்டல் அடுப்பில் அதே நான்கு விசில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் விசிலுக்குப் பின் சூட்டைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதே எந்த அடுப்புக்கும் ஓரளவு பொருந்தும் வழி. பருப்புக் கிண்ணத்தில் விடும் ஒரு சொட்டு எண்ணெய்க்கும் வேலை உண்டு. பருப்பின் புரதமும் சப்போனின் என்ற நுரைப்பொருளும் சேர்ந்து எழுப்பும் நுரை, ஆவித்துளையை அடைக்காமல் அது தடுக்கிறது.

இரண்டாவது தடுமாற்றம் தண்ணீரில். திருச்சிக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணலுக்கடியிலிருந்து எடுக்கப்படும் மாநகராட்சி நீர் மென்மையானது. பாறைப்பாங்கான நிலத்தில் ஆழத்திலிருந்து வரும் போர் தண்ணீரில் பல இடங்களில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்து கடினமாக இருக்கும். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற இயற்கைப் பசை. சூட்டில் அது கரையும்போதுதான் பருப்பு குழைகிறது. நீரில் உள்ள கால்சியமோ அந்தப் பசையின் இழைகளுக்கிடையே பாலமாகப் பிணைந்து, அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது. ஸ்ரீரங்கத்து வீட்டில் குழையும் பருப்பு தென்னூர் அறையில் குழையாமல் போனால், பருப்பின் மேல் பழி போடுவதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பது நல்லது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் பருப்பு குழைந்துவிடும், ஆனால் சோடாவின் காரத்தன்மை தயாமினை அழித்துவிடும். குடிநீரில் வேகவைப்பதே மேல். பருப்பு வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்ற பழைய விதிக்கும் இதே பசைதான் காரணம், ஏனெனில் அமிலத்திலும் பெக்டின் எளிதில் கரைவதில்லை. தக்காளியை முதலிலேயே போட்டுவிட்டுப் பருப்பு வேகவில்லை என்று திகைப்பவர் இதை ஒருமுறை புரிந்துகொண்டால், சுண்டல், ராஜ்மா என்று எதிலும் அந்தத் தவறு நிகழாது. செய்முறையை மனப்பாடம் செய்தவருக்கும் காரணத்தை அறிந்தவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது.

இனித் தட்டின் கணக்கு. ஒப்பிடுவதற்கு, மெஸ்களில் பரவலாகக் காணப்படும் தட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம்: 150 கிராம் அரிசியின் சோறு, பத்து கிராம் பருப்பு மட்டும் கரைந்த தண்ணீர்ச் சாம்பார், பேருக்கு ஒரு பொரியல், இரண்டு தேக்கரண்டி எண்ணெய். எரிசக்தியில் இரண்டு தட்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் 650 கிலோகலோரியை ஒட்டி நிற்கின்றன. புரதத்தில் நிலைமை வேறு. மெஸ் தட்டில் அரிசியிலிருந்து 12 கிராமும் பருப்பிலிருந்து இரண்டு கிராமும் வர, மொத்தம் 14. குக்கர் தட்டில் அரிசி 8, பருப்பு ஏறத்தாழ 9, முட்டை ஆறரை, கீரை மூன்று என்று 26 கிராமுக்கு மேல் சேர்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராமும், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராமும் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. குக்கர் தட்டு அதில் பாதியை ஒரே வேளையில் முடித்துவிடுகிறது.

புரதத்தின் அளவோடு அதன் தரமும் மாறுகிறது. புரதங்கள் அமினோ அமிலங்கள் என்ற சிறு அலகுகளால் ஆனவை. அவற்றில் ஒன்பதை உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாததால் உணவிலிருந்துதான் பெற வேண்டும். எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே மற்றவற்றின் பயனுக்கும் எல்லை வகுக்கிறது. அரிசிப் புரதத்தில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 36 மில்லிகிராம் லைசின் என்ற அமினோ அமிலம் உண்டு. உடம்புக்கு வேண்டியது 45. துவரம்பருப்பிலோ அது 70-ஐ ஒட்டி இருக்கிறது, ஆனால் அரிசியில் போதிய அளவு உள்ள மெத்தியோனின் பருப்பில் குறைவு. இரண்டையும் சேர்த்துண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடும் என்பது பலரும் அறிந்ததுதான். அதற்குப் பருப்பு எவ்வளவு வேண்டும் என்பது பலரும் கணக்கிடாதது: பத்து கிராம் பருப்புள்ள மெஸ் தட்டில் லைசின் கிராமுக்கு 41 மில்லிகிராமில் நின்றுவிடுகிறது, 40 கிராம் பருப்பில் 45-ஐ வசதியாகத் தாண்டுகிறது. சாம்பாரின் பெயர் இலையில் இருந்தால் போதாது, பருப்பும் இருக்க வேண்டும். முட்டை உண்ணாதவர்கள் அதற்கு ஈடாக ஒரு கிண்ணம் தயிரையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையையும் வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாக மாறாது.

கடைசியாக இரும்பு. பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19 என்று பரிந்துரைக்கப்படும் அளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பில் மிகச் சிறிய பங்கையே குடல் உறிஞ்சுகிறது என்பதுதான். தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும் அப்படியே. வைட்டமின் சி இதற்கு மாற்று: குடல் ஏற்கும் வடிவத்துக்கு இரும்பை மாற்றிக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. கீரைக்கூட்டில் பிழியும் அரை மூடி எலுமிச்சை இதற்கு உதவும் என்றாலும், அதில் உள்ள வைட்டமின் சி சில மில்லிகிராம்தான். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. சூட்டில் அழியும் பொருள் என்பதால் பச்சையாகத் தின்னும் பழமே இங்கே மேலானது. ஆப்பிளைவிடக் கொய்யா மலிவு என்பது மாணவருக்கு இன்னொரு வசதி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீயோ காபியோ குடிக்க வேண்டாம் என்கிறது. சாப்பிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு டீக்கடையில் கூடி நிற்பது கல்லூரி வாழ்க்கையின் பாதி இன்பம். அதை விடச் சொல்வது வீண், நாலரை மணிக்குத் தள்ளிவைத்தால் இரும்பு தப்பிக்கும்.

மிச்சச் சோறு

ஒருவருக்குச் சமைப்பதில் உள்ள பெரிய சிக்கல், ஒருவருக்கு மட்டும் சமைக்க முடியாதது. மிஞ்சிய சோறு குளிர்ப்பெட்டி இல்லாத அறையில் மே மாத வெயிலில் கிடக்கும்போது, வேகும் சூட்டிலும் சாகாத பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. அது விடும் நஞ்சுகளில் ஒன்று, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மதியச் சோற்றை இரவு ஃப்ரைடு ரைஸ் ஆக்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் அதனால் ஆபத்தானது. சோற்றை ஆறியவுடன் நீரில் ஊறவைக்கும் பழைய சோற்று முறையில் புளிப்பமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் தலையெடுத்து, நீரைப் புளிக்கச் செய்து, கேடு செய்பவற்றின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகின்றன. மறுநாள் காலை அதோடு மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் அடுப்பே மூட்டாத காலை உணவு. பலசரக்குக் கடைகளில் கிடைக்கும் இட்லி மாவும் ஏறக்குறைய இதே நுண்ணுயிரிகளின் உழைப்புதான். மாவை விலைக்கு வாங்கித் தோசை ஊற்றி, மேலே ஒரு முட்டையை உடைத்து விடுகிறவருக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்வது அநியாயம். எதை வாங்கலாம், எதைத் தானே செய்ய வேண்டும் என்று பிரிக்கத் தெரிவதும் உணவுத்திறனின் பகுதியே.

அடுப்புக்கு இடம்

இதுவரை சொன்ன அனைத்தும் அடுப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு சொன்னவை. கல்லூரி விடுதிகள் பெரும்பாலும் அறைக்குள் சமைக்க அனுமதிப்பதில்லை, அதற்கு நியாயமும் உண்டு. ஒரு மின்தூண்டல் அடுப்பு 2000 வாட் வரை இழுக்கும். ஒரு தளத்தில் இருபது அறைகளில் இரவு எட்டு மணிக்கு அதை ஒன்றாக இயக்கினால் 40 கிலோவாட் ஆகும், விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட கம்பி அதைத் தாங்காது. வெளியே வாடகை அறைகளில் தடை குறைவு, ஆனால் கழுவுதொட்டி இராது, காற்றுப்போக்கு இராது, தாளித்த நெடி துணியெல்லாம் ஏறும். சமையல் திறனைப் பற்றிப் பேசும் வெளிநாட்டு ஆய்வுகள் பல, மாணவருக்குச் சமையலறை உண்டு என்று வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. இங்கே அந்த முதல் படியே இல்லை என்பதைக் கணக்கில் எடுக்காமல் அவற்றின் முடிவுகளை அப்படியே பொருத்துவது சரியன்று.

சமையல் யாருடைய வேலை என்ற பழைய வினாவும் உண்டு. 2019-இல் நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலைகளில் பெண்களில் 81 விழுக்காட்டினரும் ஆண்களில் 26 விழுக்காட்டினரும் ஈடுபட்டிருந்தார்கள். ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரமும் பெண்களுக்கு நாளுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. சமையல் தெரியாமல் அறைக்கு வரும் மாணவனை அவன் வீடு அப்படி வளர்த்திருக்கிறது. அவனைவிடக் கொஞ்சம் தெரிந்து வரும் மாணவியின் நிலையும் மேலானதன்று, ஏனெனில் மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்ற விதியும் அறைக்குள் அடுப்பு கூடாது என்ற விதியும் சேரும் விடுதியில், அவளுக்குத் தெரிந்தது பயன்பட வாய்ப்பே இல்லை.

விடுதித் தளத்துக்கு ஒன்றாகத் தனி மின்இணைப்புள்ள பொதுச் சமையலறை இருந்தால் இச்சிக்கல்களில் பல ஒன்றாகத் தீரும். நான்கு அடுப்புகள் 8 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். ஐந்து பேர் முறை வைத்துச் சமைத்தால் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வேலை வரும். குழையாத பருப்பின் நட்டமும் ஐந்தாகப் பிரியும், ஒருவர் கண்டுபிடித்த பத்து நிமிடக் கணக்கை மற்ற நால்வரும் இலவசமாகப் பெறுவர். ஐந்து பேருக்குச் சமைக்கும்போது ஒரு கட்டுக் கீரை வாடுவதற்குள் முழுவதும் செலவாகிவிடும்; மிச்சச் சோற்றின் சிக்கலும் பெருமளவு குறையும்.